கழிவறை வாசலில் ஒரு வகுப்பறை

கேள்வி: பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரப் பொறுமை இருந்தால் போதாதா? சிறப்புக் கல்விக்குப் பேராசிரியரும் ஆராய்ச்சியும் எதற்கு?

பதில்: பொறுமை வேண்டும்தான். ஆனால், ஒரே பிழையான வழியைப் பொறுமையாக நூறு முறை சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு நூறு முறை தோல்விதான் மிஞ்சும்!

அமெரிக்கரான சாமுவேல் கிர்க் 1929-இல் சிகாகோ அருகே ஒரு விடுதிப் பள்ளியில் வேலை பார்த்தார். பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு எழுத்தே பிடிபடவில்லை. ‘மூளை வளர்ச்சி குறைந்தவன்’ என்று முத்திரை வேறு. இரவு ஒன்பது மணிக்கு, மற்றவர்கள் தூங்கியதும், அவன் படுக்கையிலிருந்து நழுவி வருவான். கிர்க் அவனுக்குப் பாடம் நடத்திய இடம் கழிவறை வாசல். படிப்பில் ஆசையில்லாத பிள்ளையா அங்கே வந்து நிற்பான்? ஏழு மாதத்தில் மூன்றாம் வகுப்புப் பாடத்தை வாசித்தான். விடுதியை விட்டு வழக்கமான பள்ளிக்கே திரும்பினான்.

கிர்க் அந்த மகிழ்ச்சியோடு நின்றுவிடவில்லை. பிறகு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பிள்ளை கேட்டதைப் புரிந்துகொள்வதில் தடுமாறுகிறதா, பார்த்ததை நினைவில் வைப்பதிலா, சொல்ல நினைத்ததைச் சொல்வதிலா என்று பிரித்தறிய ஒரு சோதனையைச் சகாக்களுடன் உருவாக்கினார். 1963-இல் சிகாகோவில் கூடிய, இப்படித் தடுமாறும் பிள்ளைகளின் பெற்றோர் முன் ‘கற்றல் குறைபாடு’ என்ற பெயரை முன்வைத்தார். அவர்கள் தங்கள் சங்கத்துக்கே அதைச் சூட்டிக்கொண்டார்கள்.

அவருடைய சோதனையைப் பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். அதில் அளந்த திறன்களுக்குத் தனிப்பயிற்சி கொடுத்தால் வாசிப்பு தானாக வந்துவிடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள். அந்த விமர்சனமும் நல்லதே. பயன் தராத பயிற்சியில் வீணாவது பிள்ளையின் வயதல்லவா? அதைத் தடுக்கத்தான் ஆராய்ச்சி.