பதுக்கிய நூலும் பாதி முடிந்த காலுறையும்

கம்பளி நூல் பதுக்குநர் எனப்படுபவர், பிரிட்டன், வட அமெரிக்கா, ஸ்காண்டிநேவியா முதலிய குளிர்நாடுகளில் பரவலாகக் காணப்படும் ஒரு சமூக வகையினர் ஆவார். கையால் பின்னுவதற்கென்று கம்பளி நூலை வாங்கி, வாங்கிய வேகத்தில் பின்ன இயலாமலும், பின்ன இயலவில்லை என்பதற்காக வாங்குவதை நிறுத்தாமலும் வாழ்வோரை இப்பெயர் குறிக்கும். இவர்களைப் பின்னலாளர் என்று பொதுப்படச் சொல்லிவிடுவது பிழையாகும். நூல் வாங்குவது ஒரு கலை, வாங்கியதைப் பின்னி முடிப்பது வேறொரு கலை, இரண்டிலும் தேர்ந்தவர் அரியர்; முதலாவதில் முழுத்தேர்ச்சி பெற்று, இரண்டாவதில் ஆண்டுதோறும் மறுதேர்வு எழுதிக்கொண்டிருப்பவரே இங்கு ஆராயப்படுகிறார்.

பதுக்குநரின் இருப்பு ஒரே இடத்தில் இராது. இருந்தால் அதன் முழு அளவு வீட்டாருக்கும், அதைவிட ஆபத்தாக அவருக்கே, தெரிந்துவிடும். ஆகவே அது கட்டிலுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளிலும், துணி அலமாரியின் மேல்தட்டிலும், பயணம் போகாத பயணப் பெட்டிக்குள்ளும், விருந்தினர் தங்க இடமின்றிப் போன விருந்தினர் அறையிலுமாகப் பகிர்ந்து வைக்கப்படுகிறது. குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறையில் பட்டாணிப் பொட்டலத்துக்கு அருகே கம்பளி நூல் கிடப்பதைக் கண்டு புதியவர் திடுக்கிடலாம்; அதற்குத் தக்க காரணம் உண்டு. துணி அந்துப்பூச்சியின் புழுக்கள் கம்பளியிலுள்ள கெராட்டின் என்னும் புரதத்தைத் தின்று வாழ்வதாலும், கடுங்குளிரில் சில நாள் கிடந்தால் அவை மடிந்துவிடுவதாலும், ஐயத்துக்கு இடமான நூல் அங்கே சிறைவைக்கப்படுகிறது. இருப்பு ஓர் எல்லையைத் தாண்டி, மிச்சமுள்ள ஆயுள் முழுவதும் இரவு பகலாகப் பின்னினாலும் தீராது என்ற நிலையை அடைவதும் உண்டு. அந்நிலைக்கென்றே ஆங்கிலம் பேசும் பின்னலாளர்கள் ‘சேபிள்’ என்றொரு சுருக்கப் பெயர் வைத்திருப்பதிலிருந்து, அது தனியொருவரின் பலவீனம் அன்று என்பது விளங்கும்.

இருப்பு வளரும் வழிகளில் தலையானது திருவிழா. நியூயார்க் மாநிலத்தின் ரைன்பெக் என்னும் ஊரில் அக்டோபர்தோறும் நடக்கும் கம்பளித் திருவிழாவும், ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்து தீவுகளில் 2010 முதல் கொண்டாடப்படும் கம்பளி வாரமும் இவ்வகையில் பெயர் பெற்றவை. பதுக்குநர் அங்கே வேடிக்கை பார்க்க மட்டுமே செல்கிறார். ஆனால் அங்கே சாயத்தொகுதி குறுக்கிடுகிறது; ஒரே தொட்டியில் ஒரே வேளையில் தோய்த்தெடுத்த நூல்களுக்கு அப்பெயர். அடுத்த தொகுதியில் அதே நீலம் சற்றே மாறிவிடும் என்பதால், இன்று வாங்காவிட்டால் இந்த நீலம் இனி உலகில் இல்லை என்னும் வாதம் அவருக்கு மறுக்க முடியாததாகப் படுகிறது. இரண்டாவது வாதம் இதனினும் நுட்பமானது: காலுறை நூல் இருப்புக் கணக்கில் சேராது. 100 கிராம் எடையும் ஏறத்தாழ 400 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு சிட்டத்தில், அதாவது வளையமாகச் சுற்றி முறுக்கி மடித்த நூலில், ஒரு சோடிக் காலுறை முடிந்துவிடும் ஆதலால், அது நூலே அன்று, இன்னும் வடிவம் பெறாத காலுறை என்பது அக்கொள்கை. “இது புதிதாக வாங்கியதா?” என்று கணவர் கேட்டால், “இதுவா? இது வெகுநாளாக இருக்கிறதே!” என்று விடை வரும். வாங்கிய பையைக் காரின் பின்பெட்டியில் சில வாரம் வைத்திருந்து பிறகே வீட்டுக்குள் கொண்டுவருவதால், இவ்விடை முழுப்பொய் ஆகாது.

ஆண்டில் ஒரு நாள், பெரும்பாலும் ஜனவரி முதல் நாளன்று, பதுக்குநருக்கு ஞானம் பிறக்கிறது. பெட்டிகள் யாவும் கூடத்தில் கவிழ்க்கப்பட்டு, நூல் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, எடை போடப்பட்டு, ஏட்டில் பதியப்படுகிறது. இருப்புத் தீரும்வரை ஒரு முழம் நூலும் வாங்குவதில்லை என்று விரதம் பூணப்படுகிறது. எல்லா விரதங்களுக்கும் உள்ளதுபோல் இதற்கும் விலக்குகள் உண்டு. பிறர் பரிசாகத் தந்தது விலக்கு. வெளியூர்ப் பயணத்தில் நினைவுப்பொருளாக வாங்கியது விலக்கு. தொடங்கிய வேலையை முடிக்கத் தேவைப்படுவது விலக்கு. பாதி விலைக்குக் கிடைத்தது, வாங்காமல் விட்டால் நட்டம் என்பதால், விலக்கினும் விலக்கு. இவ்விலக்குகள் போக எஞ்சிய விரதத்தைப் பதுக்குநர் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்.

விரதத்தின் மறுபாதி, இருப்பதைத் தீர்ப்பது. வளர்ந்தவர் ஒருவருக்கான ஸ்வெட்டருக்கு ஒரே சாயத்தொகுதியில் பொதுவாக ஆயிரம் மீட்டர் அளவிலோ அதற்கு மேலோ நூல் வேண்டும். பதுக்குநரிடம் கிடப்பவையோ ஒவ்வோர் ஊரில் ஒவ்வொரு மனநிலையில் வாங்கிய ஒற்றைச் சிட்டங்கள். மேலும், முன்பொரு ஜனவரியில் தொடங்கிய ஸ்வெட்டர் ஒன்று கைகள் இல்லாமல் அலமாரியில் காத்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆகையால் குல்லாய், காலுறை, கைக்குழந்தையின் பாதவுறை போன்ற சிறு வேலைகளே இருப்பைத் தீர்க்கும் உபாயமாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

குல்லாய் இவற்றுள் எளிது. காதை மூடும் விளிம்பில் தொடங்கி, வட்டமாகப் பின்னிக்கொண்டே மேலேறி, உச்சியை நெருங்கும்போது கண்ணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் குறைத்து, எஞ்சியவற்றினூடே நூலை நுழைத்து இறுக்கினால் வேலை முடிந்தது. கண்ணி என்பது ஊசியில் நிற்கும் நூல்வளையம். ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணிகள் விழுகின்றன என்பது ஒவ்வொருவர் கைக்கும் மாறும் என்பதால், ஸ்வெட்டர் தொடங்குமுன் ஒரு மாதிரித் துண்டு பின்னி அளந்து பார்ப்பது மரபு. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழ்ந்த பின்னல் ஆசிரியர் எலிசபெத் சிம்மர்மன் (1910–1999), அந்தத் துண்டுக்குப் பதிலாக ஒரு குல்லாயையே பின்னி அளக்கலாம் என்று அறிவுறுத்தினார். பதுக்குநர் இவ்வறிவுரையின் முதற்பாதியை முழுமனத்துடன் ஏற்றுக்கொண்டார். அளவு பார்க்கும் குல்லாய்கள் குவிந்தனவே அன்றி, அளந்து தொடங்க வேண்டிய ஸ்வெட்டர் தொடங்கப்படவில்லை. அளவே பாராமல் பின்னும் துணிச்சல்காரரின் குல்லாய் எந்தத் தலைக்கும் பொருந்தாமல் போகுமானால், இரு பக்கமும் துளை விடப்பட்டு, தேநீர்க் கெண்டியைச் சூடாக வைத்திருக்கும் உறையாக உத்தியோக மாற்றம் பெறும். உச்சியில் ஒரு பெரிய குஞ்சம் கட்டுவதும் வழக்கம்; அது உச்சிச் சுருக்கங்களை மறைப்பதோடு நூலையும் கணிசமாக விழுங்குவதால், இருப்புக் குறைப்பில் அதன் பங்கு பெரிது.

காலுறை வேறு இனம். இருமுனையும் கூரான நான்கைந்து சிற்றூசிகளில், பெரும்பாலும் இரண்டரை மில்லிமீட்டருக்கு மிகாத பருமனுள்ளவற்றில், 64 கண்ணிகள் அளவில் பரப்பி வட்டமாகப் பின்னவேண்டும். கணைக்கால் முதல் விரல்நுனி வரை 160 சுற்று வருமென்றால், ஒரு காலுக்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள் ஆகின்றன. நடுவே வருவது குதிகால் திருப்பம். அங்கே வட்டத்தை விட்டு முன்னும் பின்னுமாகப் பின்னி, ஒவ்வொரு வரிசையையும் முடிவதற்கு முன்பே திருப்பிவிடுவதால், தட்டையான பின்னல் குழிந்து குதிகாலை ஏந்தும் கிண்ணமாகிறது. இந்த அதிசயம் நிகழ்ந்ததும் பதுக்குநர் வீட்டிலுள்ள அனைவரையும் அழைத்துக் காட்டுவார். அது அவருடைய முப்பதாவது குதிகாலாக இருந்தாலும் காட்டுவார். விரல்நுனியில் எதிரெதிராக நிற்கும் இரு வரிசைக் கண்ணிகளைத் தையல்தடம் தெரியாமல் இணைக்கும் முறைக்கு, முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் போர் அமைச்சராயிருந்த கிச்சனர் பிரபுவின் பெயர் வழங்குகிறது. போர்வீரரின் விரலைத் தையல்தடம் உறுத்தலாகாது என்ற அக்கறையோடு இணைத்துப் பேசப்படும் இம்முறையைப் பதுக்குநர் ஒவ்வொரு காலுறையின் முடிவிலும் புதிதாகப் புத்தகத்தைப் பார்த்துக் கற்கிறார்; கற்கும் நேரத்தில் யாரேனும் பேச்சுக் கொடுத்தால் போர் மூளும்.

முதற்காலுறை முடிந்த அக்கணமே ஆர்வமும் முடிந்துவிடுவது இவ்வினத்தின் தலையாய இயல்பு. நூலின் நிறவரிசை எப்படி விழும், குதிகால் எப்படித் திரும்பும் என்ற மர்மங்கள் யாவும் அவிழ்ந்துவிட்ட பின்னர், இரண்டாவது காலுறையில் அறிய வேண்டியது ஒன்றுமில்லை. செய்ய வேண்டியது மட்டுமே இருக்கிறது. ‘இரண்டாம் காலுறை நோய்’ என்று பின்னலாளர்களே பெயரிட்டுள்ள இந்நிலைக்கு மருந்துகளும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. நீண்ட கம்பியால் இணைந்த ஒரே ஊசிச்சோடியில் இரு காலுறைகளையும் அருகருகே வளர்ப்பது ஒரு முறை. இதன் பயனாக, முன்பு ஒரு முழுக் காலுறை இருந்த இடத்தில் இப்போது இரண்டு அரைக் காலுறைகள் இருக்கின்றன. பொருந்தாத காலுறைகளை அணிவதே புதுப்பாணி என்று அறிவித்துவிடுவது மற்றொரு முறை. இதுவே நடைமுறையில் வென்றுள்ளது.

இவ்வளவையும் தாண்டிச் சோடியை முடிப்போரும் உண்டு. அவர்களை எதிர்கொள்வது ஒரு கணக்கு. 100 கிராம் சிட்டத்திலிருந்து நடுத்தரப் பாதத்துக்கான சோடி முடிந்தால், 70 கிராம் செலவாகி 30 கிராம் மிஞ்சுவது சாதாரணம். அந்த 30 கிராமைக் குப்பையில் போடுவது பதுக்குநரின் அறத்துக்கு ஒவ்வாது. அது சிறு உருண்டையாகச் சுற்றப்பட்டு மீண்டும் பெட்டிக்குள் போகிறது. பத்துச் சிட்டங்களைப் பின்னி முடித்தவரிடம் பத்து உருண்டைகள் இருக்கும். எடை குறைந்தது, எண்ணிக்கை குறையவில்லை. இனி உருண்டைகளைத் தீர்க்க வழி என்னவென்றால், அவற்றை வண்ணப் பட்டைகளாக வைத்துப் பல நிறக் குல்லாய் பின்னுவது. பல நிறங்களையும் ஒன்றுசேர்த்துக் காட்டப் பின்புலமாக ஒரு சாம்பல் நிற நூல் வேண்டும். சாம்பல் நிறம் இருப்பில் இல்லை. தொடங்கிய வேலையை முடிக்கத் தேவைப்படும் நூல் விரதத்துக்கு விலக்கு என்பது முன்பே கூறப்பட்டது. மிச்சத்தைத் தீர்ப்பதற்காக வாங்கிய சாம்பல் நூலிலும் மிச்சம் விழும். இருப்பு அழிவதில்லை, வடிவம் மாறுகிறது என்பதே இத்துறையின் முதல் விதி.

இவ்வுழைப்பைப் பொருளியலால் நியாயப்படுத்த இயலாது. கையால் காலுறை செய்வது பழங்கலை என்பது உண்மையே: எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்னும் தொல்லூரில் கிடைத்த, கி.பி. 250க்கும் 420க்கும் இடைப்பட்ட சிவப்புக் கம்பளிக் காலுறைகள், செருப்பு வாருக்காகப் பெருவிரல் தனியே பிரிந்தவை, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒற்றை ஊசியால் செய்யப்பட்ட அவையும் சோடியாகவே இருப்பதைப் பதுக்குநர் சற்றே குற்றவுணர்வுடன் பார்ப்பார். ஆனால் 1589இலேயே நாட்டிங்காமுக்கு அருகிலுள்ள கால்வெர்ட்டனைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை அமைத்தார். கைப்பின்னலாளரின் பிழைப்புக் கெடும் என்று கருதி முதலாம் எலிசபெத் அரசி அவருக்குக் காப்புரிமை மறுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மறுத்தும் பொறி நிற்கவில்லை. திருப்பூரில் இன்று பனியன் துணி பின்னும் இயந்திரங்களும் அந்தப் பரம்பரையில் வந்தவையே. கையால் சாயமேற்றிய ஒரு சிட்டத்தின் விலைக்குக் கடையில் பொறிக் காலுறைகள் பல சோடி கிடைக்கும் என்பதைப் பதுக்குநரிடம் எடுத்துச் சொல்பவர் மறுமுறை தேநீருக்கு அழைக்கப்படமாட்டார். பதுக்குநர் தமக்குச் சான்றாகக் காட்டுவது தம் பாட்டியை. இரண்டாம் உலகப் போரையொட்டிப் பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை துணிக்குப் பங்கீடு இருந்தது. பின்னல் நூலுக்கும் கூப்பன் வேண்டியிருந்ததால், பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலைக் கழுவி நீவி, மீண்டும் காலுறையாகப் பின்னினர். பாட்டி பஞ்சத்தால் நூலைக் காத்தார், பேத்தி மிகுதியால் காக்கிறார் என்ற வேறுபாடு விவாதத்தில் இடம்பெறுவதில்லை.

முடிந்த பொருள் எங்கே போகிறது என்பது அடுத்த வினா. பின்னுபவருக்கு இருப்பது ஒரு தலையும் இரு கால்களுமே. ஆகவே டிசம்பர் நெருங்கும்போது குல்லாய்கள் உறவினர் தலையில் கட்டப்படுகின்றன. உறவினர் தீர்ந்ததும் அண்டை வீட்டாரும், குறைமாதக் குழந்தைகளுக்குக் குல்லாய் ஏற்கும் மருத்துவமனைகளும், கடலோடிகளுக்கான அறநிலையங்களும் உள்ளன. அவையும் போதாதபோது விலங்குலகம் கைகொடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள பிலிப் தீவில், கடலில் கசிந்த எண்ணெய் படிந்த சிறு பென்குவின்கள் அந்த நஞ்சை அலகால் கோதி விழுங்காதிருக்க, கழுவும் வரை அவற்றுக்குச் சிறு கம்பளிச் சட்டை அணிவிப்பர். இதற்கென வேண்டுகோள் எழுந்தபோது உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்து குவிந்த சட்டைகள் பென்குவின்களின் தேவையை விஞ்சிவிட்டதால், உபரியானவை பொம்மைப் பென்குவின்களுக்கு அணிவிக்கப்பட்டு நிதி திரட்ட விற்கப்பட்டன. பதுக்குநர்களின் உற்பத்தித் திறனைக் குறைகூறுவோர் இந்நிகழ்ச்சியைக் கருதவேண்டும். தேவை இருந்தால் அவர்கள் முடிப்பார்கள், தேவைக்கு மேலும் முடிப்பார்கள்.

எல்லாவற்றையும் சீர்தூக்கினால், சிறு வேலையை முடிப்பதன் பயன் இருப்பைக் குறைப்பதில் இல்லை என்பது தெளிவு. நூறு தொடக்கங்களின் நடுவே வாழும் ஒருவருக்கு, உச்சி இறுகி, நூல்முனை மறைந்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஒரு குல்லாய் கையில் வந்து நிற்பது, அவர் தொடங்கியதை முடிக்கக்கூடியவர் என்பதற்கு ஒரே கண்கூடான சான்று. அதனால், பதுக்குநர் ஒருவரிடமிருந்து காலுறைச் சோடி பெறும் பேறு வாய்த்தவர்கள் சில நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். சோடி முழுமையாக வந்திருப்பதைக் கவனித்துப் பாராட்டுக. கம்பளி வெந்நீரிலும் உரசலிலும் சுருங்கித் தடிக்கும் ஆதலால் குளிர்ந்த நீரில் அலசித் தட்டையாக விரித்து உலர்த்துக. அவர் வீட்டுக்கு வரும் நாளில் தவறாமல் அணிக. கைம்மாறாக எது வேண்டுமானாலும் தரலாம், நூல் மட்டும் தரவேண்டாம்.