தெருவுக்கே ஒரு மாப்பிள்ளை

வோக்கிங், சர்ரே
நவம்பர் கடைசி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். பிள்ளைகள் படிப்பதாக நடிக்கிறார்கள், நாங்கள் நம்புவதாக நடிக்கிறோம். சித்தி முழங்கால் வலி தேவலையா?

வீட்டுப் போட்டோவைப் பார்த்துவிட்டு, “வாசல்ல என்னலே முள்ளுச்செடி? அங்கயும் ஆடு வருமாக்கும்?” என்று கேட்டீர்களாம். ஆட்டுக்கில்லை சித்தப்பா, அது அழகுக்கு. பேர் ஹாலி. கிறிஸ்துமஸ் கார்டு மூலையில் பச்சை இலையும் சிவப்புப் பழமுமாக வரைந்திருப்பார்களே, அதுதான். மற்ற மரமெல்லாம் மொட்டையாக நிற்கிற குளிரில் இது மட்டும் பச்சையாக நிற்கும். டிசம்பர் வந்தால் இதன் கொப்பை வளையமாகக் கட்டிக் கதவில் மாட்டுவார்கள். டென்பரி வெல்ஸ் என்ற ஊரில் இதற்கு ஏலமே நடக்கிறது.

நம் வாசல் மரத்தில் இலை உண்டு, முள் தாராளமாக உண்டு, பழம் மட்டும் கிடையாது. உங்கள் மருமகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “காய்க்காத மரம் வாசலில் எதற்கு?” என்று மே மாதம் ஆள் கூப்பிட்டு வெட்டச் சொன்னாள். அவ்வளவுதான், பக்கத்து வீட்டு அம்மாள் செருப்பு மாற்றாமல் ஓடி வந்துவிட்டார். எழுபது வயதுக்கு அப்படியொரு ஓட்டம் நான் பார்த்ததில்லை.

நம் மரத்திலிருந்து ஒரு பூ, தன் வீட்டு மரத்திலிருந்து ஒரு பூ பறித்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லாத வெள்ளைப் பூக்கள், இரண்டுக்கும் நாலு இதழ். அவருடையதில் நடுவே பச்சையாக ஒரு குட்டி உருண்டை; அதுதான் பழமாகும். நம்முடையதில் உருண்டை இல்லை, மஞ்சள் பொடி ஏந்திய நாலு குச்சி. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. “உங்கள் மரம் ஆண். என் இரண்டு மரமும் காய்ப்பது இதனால்தான்” என்றார். தேனீ இங்கிருந்து அங்கே பொடியைக் கொண்டு போகிறதாம். ஆக, நம் வீட்டு மரம் இத்தனை காலம் தெருவுக்கே மாப்பிள்ளையாக இருந்திருக்கிறது, வீட்டுக்காரனுக்குச் சேதி தெரியாது.

ஆண்மரமான அலகுப்பனை நுங்கு தராது என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் பனைக்கு யார் ஜோடி தேடினார்கள்? இங்கே வீட்டுக்கு ஒரு மரம் வைத்துக்கொண்டு, வரன் விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறார்கள். நம் ஊரில் வயிற்றுப் பிள்ளை ஆணா பெண்ணா என்று சொன்னால் டாக்டருக்கே ஜெயில். இங்கே நர்சரிக்காரர் அதை அட்டையில் அச்சடித்துச் செடியில் கட்டி வைத்திருக்கிறார்.

அட்டையைப் படிக்காமல் பேரை மட்டும் நம்பினால் தொலைந்தோம். ‘கோல்டன் கிங்’ பெண். ‘கோல்டன் குவீன்’ ஆண். ‘சில்வர் குவீன்’ அதுவும் ஆண். ‘ஜே. சி. வான் டால்’ என்று வக்கீல் போர்டு மாதிரி ஒரு பேர். அது பெண், பக்கத்தில் ஆண் இல்லாமலே காய்க்கும். அமெரிக்காவில் லாங் ஐலண்டில் கேத்லீன் மெசர்வ் என்ற அம்மாள் உண்டாக்கிய செடிகளில்தான் ‘புளூ பிரின்ஸ்’ ஆண், ‘புளூ பிரின்சஸ்’ பெண் என்று ஒழுங்காக இருக்கிறது. ஒரு பெண்பிள்ளை பேர் வைத்தால்தான் கணக்கு நேராகும் என்கிறாள் உங்கள் மருமகள். நான் வாய் திறக்கவில்லை.

இதைவிடப் பெரிய கதை ஆக்குபாவுடையது. இலையில் மஞ்சள் புள்ளி தெளித்த ஜப்பான் புதர். 1783-ல் ஒருவர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். வந்தது பெண் செடி. வெட்டி நட்டால் பிழைத்துக்கொள்ளும், புகையும் கரியும் தாங்கும் என்று நகரமெல்லாம் நட்டார்கள். கொப்பை வெட்டி நட்டால் தாய்தானே திரும்ப வரும்? நாடு பூரா பெண், ஒரு பழம் இல்லை. ஜப்பானோ வெளிநாட்டாருக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. கடைசியில், சீனாவிலிருந்து தேயிலைச் செடியை இந்தியாவுக்குக் கடத்தினாரே ராபர்ட் ஃபார்ச்சூன், அவர்தான் 1861-ல் ஜப்பானில் மாப்பிள்ளையைப் பிடித்து அனுப்பினார். 78 வருஷக் காத்திருப்பு! வந்து இறங்கியது இங்கே பக்கத்தில் பாக்‌ஷாட் நர்சரியில். 1864-ல் சிவப்புப் பழத்தோடு செடியை லண்டன் கென்சிங்டனில் காட்சிக்கு வைத்ததும் ஜனங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அந்தப் பழத்தைப் பார்த்தேன். அப்படியொன்றும் பிரமாதமில்லை.

அந்த முள்ளுச்செடியின் விதை கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முளைக்கவே ஒன்றரை வருஷம் ஆகும், பூத்தால்தான் ஆணா பெண்ணா என்று தெரியும், நம் வெயிலுக்கு நிற்கவும் நிற்காது. பழமும் விஷம், தின்றால் வயிறு கலக்கும். பேரன் வாயில் போட்டுக்கொள்வான்.

மரத்தை வெட்டவில்லை. அக்டோபரில் ஒரு ‘கோல்டன் கிங்’ வாங்கி, நிறையப் பழத்தோடு மாப்பிள்ளை பக்கத்திலேயே வைத்தோம். மிசில் த்ரஷ் என்று ஒரு பறவை, மைனாவைவிடப் பெரிது, மார்பெல்லாம் புள்ளி. குளிர்காலத்துக்கு ஒரு பழமரத்தைப் பிடித்துக்கொண்டு வேறு பறவையை அண்ட விடாது. அது பக்கத்து வீட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து விரட்டப்பட்ட பறவையெல்லாம் நம் ‘கிங்’ மேல்தான் இறங்குகிறது. இன்று காலை எண்ணிப் பார்த்ததில் ஒரே கொத்து மிச்சம். பிளாஸ்டிக் பழம் என்ன விலை என்று உங்கள் மருமகள் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பி.கு.: வருகிற ஆள் யாரிடமாவது உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ கொடுத்தனுப்புங்கள். பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் ஒரு கிலோ வேண்டுமாம்.