ரசீது சார்

மதுரை கீழமாசி வீதியில் கடை வைத்திருப்பவர்களுக்குச் சிலரைத் தெருமுனையிலேயே அடையாளம் தெரிந்துவிடும். ஜிஎஸ்டி அதிகாரி வந்தால் கணக்குப்பிள்ளை எழுந்து நிற்பார். கட்சிக்காரர்கள் வந்தால் முதலாளியே எழுந்து நிற்பார். ரசீது சார் வந்தால் முதலாளி எழுந்து குடோனுக்குப் போய்விடுவார்.

இது ரசீது சாருக்கும் தெரியும். ஆகவே அவர் நேராகக் குடோனுக்குத்தான் போவார்.

ஊருக்கு ஊர் இவர் உண்டு. பெரும்பாலும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருப்பார். சில ஊர்களில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்; முப்பது வருஷம் மற்றவர்களுக்கு "பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்க" என்று சொன்ன கணக்கை இப்போது எதிர்ப்பக்கம் நின்று நேர் செய்துகொண்டிருப்பார். நம்மவர் தலைமையாசிரியர் வகை. தோளில் தொங்கும் ரெக்ஸின் பைக்குள் ரசீதுப் புத்தகம், கார்பன் தாள், முத்திரை, ஸ்டாம்ப் பேட், 80ஜி சான்றிதழின் நகல், போட்டோ ஆல்பம். சட்டைப்பையில் இரண்டு பேனா. ஒன்று ரசீது எழுத. மற்றது, "செக் புக் இருக்கு சார், பேனாதான் இல்லை" என்பவருக்கு. சமீபகாலமாகக் கழுத்தில் ஒரு கியூஆர் அட்டையும் தொங்குகிறது. அது வந்த பிறகு "சில்லறை இல்லை" என்ற பழைய சாக்கு ஒழிந்து, "டவர் இல்லை" என்ற புதிய சாக்கு பிறந்திருக்கிறது.

அவர் வசூல் பண்ணுவது ஒரு சமுதாயக் கல்லூரிக்கு. விஷயம் தெரியாதவர்களுக்காக: பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், பத்தாம் வகுப்புக் கணக்கில் விழுந்து எழாதவர்கள், கல்யாணம் என்று நிறுத்தப்பட்டவர்கள், கணவன் விட்டுப்போனவர்கள், இப்படிப் படிப்பு ஒருமுறை கைநழுவியவர்களைக் கூட்டி வைத்து, ஒரு வருஷத்தில் ஒரு தொழிலும், நாலு பேர் முன் நிமிர்ந்து பேசும் துணிச்சலும் கற்றுக்கொடுத்து, வேலைக்கு அனுப்பும் இடம். 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றை ஆரம்பித்தது. அடுத்த வருஷம் சென்னை உயர்மறைமாவட்டம் ஒன்று ஆரம்பித்தது. பிறகு தமிழ்நாட்டில் பல ஊர்களில் பரவியது. தையல், ஏசி மெக்கானிக், வீட்டு நர்சிங், கம்ப்யூட்டர் என்று படிப்புகள் இருக்கும். நம் சாருடைய கல்லூரி ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருக்கிறது. கீழே அண்டா விழுந்தால் மேலே கம்ப்யூட்டர் வகுப்பு நின்றுபோகும்.

"சமுதாயக் கல்லூரிக்கு நன்கொடை" என்று சொன்னதுமே அவருக்கு முதல் கண்டம் வந்துவிடும். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்பார்:

"எந்தச் சமுதாயம் சார்?"

"பொதுவா, எல்லாச் சமுதாயத்துக்கும் அண்ணாச்சி."

"அப்ப எங்க சமுதாயத்துக்குன்னு தனியா இல்லையா?"

"உங்க ஆளுகளும் படிக்கிறாங்க."

"எத்தனை பேரு?"

தலைமையாசிரியராக இருந்தவர் என்பதால் இந்தக் கேள்விக்குப் புள்ளிவிவரம் தர வாய் வரும். தர மாட்டார். அந்தக் கடையில் அன்றைக்கு 100 ரூபாய் ரசீதோடு எழுந்துவிடுவார்.

அண்ணாச்சியைக் குறை சொல்லவும் முடியாது. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்து, அந்தக் காசில் பள்ளிக்கூடம் கட்டிய பரம்பரை அது. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி நடத்திய பள்ளியில்தான் காமராசர் படித்தார். பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பது எப்படி என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் கொடுத்துப் பழகியது டவுசர் போட்ட பையன்களுக்கு. வேட்டி கட்டிய மாணவனுக்குக் கொடுப்பது எப்படி என்பதற்கு மகமை நோட்டில் முன்மாதிரி இல்லை.

ரசீது சாரின் உண்மையான எதிரி கருமித்தனம் இல்லை, மீசை. நம்மூரில் இரக்கத்துக்கு வயது வரம்பு இருக்கிறது. குழந்தைக்கு நோட்டுப் புத்தகம் என்றால் பர்ஸ் தானாகத் திறக்கும். முதியோர் இல்லத்துக்கு ஒருநாள் சாப்பாடு என்றால் பிறந்தநாளுக்கு முதல் நாளே பணம் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு நாற்பது வருஷம் இருக்கிறதே, அந்த வயதில் இருப்பவனுக்கு உதவி கேட்டால் "கை கால் நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். நல்லாத்தான் இருக்கிறது. அதைக் கொண்டுதான் பதினைந்து வருஷமாகப் பரோட்டா அடித்துக்கொண்டிருந்தான். இப்போது ஏசி மெக்கானிக் ஆகப் பார்க்கிறான். இந்த இடத்தில் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு:

"ஏன் சார், அப்பவே ஒழுங்காப் படிச்சிருக்கலாம்ல?"

சார் பதில் சொல்ல மாட்டார். ஆல்பத்தைத் திறப்பார். அதிலும் சிக்கல். ஆல்பத்தில் இருப்பவர்கள் யாரும் பரிதாபமாக இல்லை. வீட்டு நர்சிங் படித்த அம்மாக்கள் வெள்ளைக் கோட்டில் கம்பீரமாக நிற்கிறார்கள். ஒரு முறை, யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு, மாணவி ஒருத்தியை அவள் குழந்தையோடு படம் எடுத்து முதல் பக்கத்தில் ஒட்டினார். உடனே பலன் தெரிந்தது. ஒரு நகைக்கடை அதிபர் கண் கலங்கி 5,000 ரூபாய்க்குக் காசோலை எழுதினார், குழந்தையின் படிப்புக்காக. அம்மா படித்தால் குழந்தையும் படித்துவிடும் என்று சார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "மொதல்ல பாப்பா படிக்கட்டும் சார், அம்மா அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயது.

காமராசரை இழுப்பதும் உதவாது. ஒரு மொத்தவியாபாரியிடம், படிப்பைப் பாதியில் விட நேர்ந்தவர்களின் வலி காமராசருக்குத் தெரியும், அதனால்தான் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார் என்று சார் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வியாபாரி முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "அவரு படிக்காமலேயே முதலமைச்சர் ஆயிட்டாருல்ல? இவங்களை ஏன் சார் போட்டுக் கஷ்டப்படுத்துறீங்க?"

இன்னொருவர் 'அறிவொளி'க்குப் போனார். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்த இயக்கம் அது. "அப்பவே எல்லாருக்கும் எழுத்தறிவு குடுத்து முடிச்சாச்சே சார். மிச்சம் யாரு இருக்கா?" பாரதியாரைச் சொல்லி வசூலிப்பதைச் சார் எப்போதோ விட்டுவிட்டார். கல்விக்கு நிதி கேட்ட அந்தப் பெரியவர், பணம் இல்லாதவர்கள் நல்ல வார்த்தை சொன்னாலும் போதும் என்று போகிற போக்கில் ஒரு சலுகை கொடுத்துவிட்டார். நாலு கிளை வைத்திருப்பவர்கள்தான் அந்தச் சலுகையை அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள்.

வருமான வரி ஒரு காலத்தில் சாருக்குத் துணையாக இருந்தது. கொடுத்ததில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம் என்றால் சில மனங்கள் இளகும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடையாது என்று வந்தபோது பாதிப்பேர் 2,000 ரூபாயோடு நின்றார்கள். பிறகு புதிய வரி முறை வந்தது. அதில் 80ஜி கழிவே கிடையாது. இப்போதெல்லாம் "நான் நியூ ரெஜீம் சார்" என்று சொல்கிற குரலில், விரதம் இருக்கிறேன் என்று சொல்கிறவரின் அமைதி தெரிகிறது.

பொருளாகக் கொடுப்பவர்கள் தனி ரகம். பீரோ கொடுப்பார்கள், பூட்டு வேலை செய்யாது. கம்ப்யூட்டர் கொடுப்பார்கள், அதை ஆன் பண்ண அதன் காலத்து ஆள் ஒருவர் வேண்டும். கட்டடம் கட்டித் தருகிறேன், அப்பா பெயர் வைக்க வேண்டும் என்று ஒருவர் வந்தார். நிலத்தை நீங்கள் வாங்கிவிடுங்கள் என்றார். எல்லாருக்கும் கல்வெட்டு வைக்கிற மாதிரி ஏதாவது வேண்டும். ஆசிரியர் சம்பளத்தில் கல்வெட்டு வைக்க முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லிலும் முடியாது.

முடியாதா? மதுரைக்காரர் அல்லவா, சார் ஒரு வழி கண்டுபிடித்தார். சித்திரைத் திருவிழாவில் மண்டகப்படி இருப்பதுபோல, கல்லூரியில் மின்கட்டண மண்டகப்படி. வருஷத்துக்கு ஆறு பில், ஆறு உபயதாரர், வாசலில் பெயர்ப்பலகை. திட்டம் பிரமாதமாக எடுபட்டது. மார்கழி–தை பில்லுக்கு மூன்று பேர் சண்டை போட்டார்கள். மின்விசிறி ஓடாத மாதம். பெயர் அதே அளவு எழுத்தில்தான் வரும். சித்திரை–வைகாசி பில்லை எடுக்க மட்டும் இன்றுவரை ஆள் இல்லை. அதைச் சார் தன் ஓய்வூதியத்திலிருந்து கட்டுகிறார், "ஓர் அன்பர்" என்ற பெயரில். அந்த அன்பர் யார் என்று அவர் வீட்டம்மாவுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது.

பிறகு கம்பெனிப் பணம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனங்கள், கடந்த மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதைப் படித்த அன்று சாருக்குத் தூக்கம் வரவில்லை. 2 சதவீதத்தைப் பல நிறுவனங்களுக்குப் போட்டுப் பார்த்து நோட்டில் பல பக்கங்களை நிரப்பினார். ராத்திரி பஸ் பிடித்துச் சென்னை போனார். ஓஎம்ஆரில் கண்ணாடிக் கட்டடம். வாசலில் அவருடைய ஸ்டாம்ப் பேடைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே அவருடைய பேத்தி வயதில் ஒரு பெண் அதிகாரி.

"உங்க பெனிஃபிஷியரீஸ் ஏஜ் குரூப் என்ன அங்கிள்?"

"பதினேழுல இருந்து அம்பது வரைக்கும்மா."

"ரொம்ப வைடா இருக்கே. இந்த வருஷம் எங்க தீம் சில்ட்ரன்."

"எல்லாரும் ஒரு காலத்துல சில்ட்ரனா இருந்தவங்கதாம்மா. அப்ப யாரும் வரலை."

அந்தப் பெண் சிரித்தாள். நல்ல பெண்தான். 90 விநாடிக்கு ஒரு வீடியோ கேட்டாள். முதல் 40 விநாடி கஷ்டம், மீதி வெற்றி. கடைசியில் இம்பாக்ட் பற்றிக் கேட்டாள். வருஷத்துக்கு எத்தனை பேருடைய வாழ்க்கை முழுசாக மாறுகிறது? இங்கேதான் சார் கெடுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க விடைத்தாள் திருத்திய கை, கூட்டிப் போட வராது. "நாப்பது பேரு சேந்தா முப்பது பேரு முடிப்பாங்க. அதுல இருவத்தஞ்சு பேரு வேலைக்குப் போவாங்க. முடிக்காதவங்கள்ல நாலஞ்சு பேரு அடுத்த வருஷம் திரும்ப வந்து சேருவாங்க" என்றார்.

"அது செகண்ட் சான்ஸ்ல வராதே அங்கிள்?"

"மூணாவதுன்னு போட்டுக்கம்மா."

நூறு சதவீதம் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்குப் பணம் போனது. இது என் ஊகம்தான். ஆனால் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த மற்றவர்களின் ஃபைல் அட்டைகளைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆக, கல்லூரி யார் காசில் ஓடுகிறது? கேட்டால் சார் பேச்சை மாற்றுவார். நூறும் இருநூறுமாக வருகிற ரசீதுகளின் அடிக்கட்டையைப் புரட்டினால் தெரியும். "தையல், 2011 பேட்ச்." "நர்சிங், 2016." குடோனுக்கு ஓடிய முதலாளியின் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துப் படுக்கை விரிப்பவள், மாதச் சம்பளத்தில் 200 ரூபாயைக் கல்லூரிக்கு அனுப்புகிறாள். அந்தச் சம்பளத்தைக் கொடுக்கும் முதலாளிக்கு இது தெரியாது. தெரிந்தால் ரசீதைத் தன் பெயரில் கேட்பார்.

இவர்களிடம் வாங்கக் கூடாது என்பது சாரின் கொள்கை. இட்லிக்கடை நடத்திக்கொண்டே படிப்பை முடித்த ஓர் அக்காவிடம் அந்தக் கொள்கை தோற்றுப்போனது. அவர் 501 ரூபாயை மேஜையில் வைத்தார்.

"வேணாம்மா. உங்ககிட்ட வாங்குறது முறையில்ல."

"தானமாக் குடுத்தாத்தானே சார் முறையில்ல? இது மொய்."

"மொய்யா? காலேஜுக்கா?"

"காலேஜுக்குப் புது மாடி திறக்குறீங்கள்ல, அந்த விசேஷத்துக்கு." சொல்லிக்கொண்டே தன் மொய் நோட்டை எடுத்து, கல்லூரியில் கற்றுக்கொடுத்த கையெழுத்திலேயே "காலேஜ் — 501" என்று எழுதிக்கொண்டார். "வர்ற ஆவணியில மகனுக்குக் கல்யாணம். காலேஜ்ல இருந்து ஆயிரத்தொண்ணு செஞ்சிருங்க."

மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டும். அதுவும் கூட்டிச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஊரில் முகம் காட்ட முடியாது. நிர்வாகக் குழு கூடி இரண்டு மணி நேரம் விவாதித்தது. 1,001 ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது? "கடன் திருப்பம்" என்றால் பத்திரம் எங்கே என்பார்கள். "அன்பளிப்பு" என்றால் அறக்கட்டளைப் பணத்தில் அன்பளிப்பா என்பார்கள். ஆடிட்டர் நன்றாக யோசித்து, "முன்னாள் மாணவர் தொடர்பு மேம்பாடு" என்று எழுதச் சொன்னார். போகும்போது, இதுமாதிரி இன்னும் எத்தனை மொய் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சார் பதில் சொல்லவில்லை. இட்லிக்கடை அக்காவைப் பார்த்து அந்த பேட்ச் முழுவதும் அப்போது மொய் எழுதியிருந்தது.

ஆவணி முகூர்த்தத்துக்குச் சார் முதல் ஆளாகப் போனார். 1,001 ரூபாயைச் செய்துவிட்டு, பந்திக்குப் போகாமல், மொய் எழுதுகிறவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து ரசீதுப் புத்தகத்தை விரித்தார். மொய் எழுத வரிசையில் நின்றவர்களில் கீழமாசி வீதி முதலாளிகள் நாலு பேர் இருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் குடோன் கிடையாது.