தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா?

கேள்வி: என் காருக்கு வயது 12. சூடேறுகிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோனால், "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார்? கழட்டிப் போட்டுடலாம்" என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?
(வங்கி ஊழியர், வேலூர்)

பதில்: கூடவே கூடாது. வேலூர் வெயிலுக்கு நீங்களும் நானும் அஞ்சலாம், எஞ்சின் அஞ்சாது. வெளியே 42 டிகிரி கொளுத்தினாலும் எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீர் 90 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் வண்டியைச் செய்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில்தான் ஆயில் பதமாக இளகும், பெட்ரோல் முழுதாக எரியும், பிஸ்டன் சிலிண்டருக்குள் அளவாகப் பொருந்தும். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழியை தெர்மோஸ்டாட் மூடி வைக்கிறது. தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடாகிறது. 82 டிகிரியோ 88 டிகிரியோ, தன் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைத் தண்ணீர் எட்டியதும் திறக்கத் தொடங்கும். இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறினால் முழுதாகத் திறந்துவிடும்.

கழற்றிவிட்டால் எஞ்சின் பதமான சூட்டுக்கு வரவே நெடுநேரம் பிடிக்கும், அதுவரை பெட்ரோலும் வீண், தேய்மானமும் அதிகம். இது பலருக்கும் தெரிந்த கேடு. தெரியாத கேடு இன்னொன்று உண்டு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேல்வாய் திறக்கும்போது இந்த அடித்தட்டு இறங்கி, ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை அடைத்துவிடும். தெர்மோஸ்டாட்டை உருவிவிட்டால் அந்த வழியை அடைக்க ஆள் இல்லை. கொதிநீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் மறுபடியும் எஞ்சினுக்குள் ஓடும். சூடு குறையட்டும் என்று கழற்றிய அதே வண்டி, உங்கள் ஊர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் முன்னைவிட அதிகமாகச் சூடேறலாம்.

கடைகண்ணி இல்லாத நடுவழியில், மூடியபடி சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு மெல்ல ஊர் வந்து சேர்வது நல்ல உபாயம்தான். பல குடும்பங்களை அது வீடு சேர்த்திருக்கிறது. ஆனால் வந்த மறுநாளே புதியதைப் போட்டுவிட வேண்டும். மெக்கானிக்கிடம் சண்டை வேண்டாம். "புதுசே போட்டுடுங்கண்ணே, காசு நான் தர்றேன்" என்று சொல்லுங்கள். மறுக்கமாட்டார்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டில் ஒயரும் இல்லை, மோட்டாரும் இல்லை. சூடாகிவிட்டது என்று அதற்கு எப்படித் தெரிகிறது?
(பத்தாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்)

பதில்: மெழுகு சொல்கிறது, கண்ணு! தெர்மோஸ்டாட்டின் நடுவில் ஒரு சின்ன உலோகக் குப்பி. அதற்குள் தனிப்பக்குவத்தில் செய்த மெழுகு அடைத்திருக்கும். சூடு சட்டென்று பரவுவதற்காகச் செம்புத் தூளும் அதில் கலப்பதுண்டு. மெழுகு உருகும்போது பருத்து, ஒரு சிறு தண்டை நெட்டித் தள்ளும். வால்வு திறக்கும். ஆறினால் மெழுகு சுருங்கும், சுருள்வில் வால்வை மூடிவிடும். 1934இல் செர்ஜியஸ் வெர்னே என்பவர் கண்டுபிடித்த வழி இது. அதற்கு முன்பு, ஆவியாகும் திரவம் நிரப்பிய மடிப்புக் குழல்களைப் பயன்படுத்தினார்கள். ரேடியேட்டரில் அழுத்தம் கூடினால் அவை தடுமாறும். மெழுகு தடுமாறாது, சூட்டுக்கு மட்டுமே கட்டுப்படும். உன் கேள்வியை அறிவியல் ஆசிரியரிடமும் கேள். வகுப்பிலேயே மெழுகை உருக்கிக் காட்டச் சொல்.

கேள்வி: வண்டி சூடேறினாலே எல்லோரும் தெர்மோஸ்டாட் மீது பழி போடுகிறார்கள். குற்றவாளி அதுதான் என்று எப்படி உறுதி செய்வது?
(வழக்கறிஞர், மதுரை)

பதில்: உங்கள் தொழிலுக்கேற்ற கேள்வி. சாட்சிகளை ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

முதலில் தண்ணீர். காலையில், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் தெர்மோஸ்டாட்டைத் தொடாதீர்கள்.

அடுத்து, எப்போது சூடேறுகிறது? சிக்னலில் நிற்கும்போது ஏறி, நெடுஞ்சாலையில் ஓடும்போது இறங்கினால், பெரும்பாலும் ஃபேன்தான் காரணம். ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஊருக்குள் ஒழுங்காக இருந்து, வேகமாக ஓட்டும்போது மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பைச் சந்தேகியுங்கள். வண்டியை எடுத்துச் சிறிது நேரத்திலேயே, எப்படி ஓட்டினாலும் சூடு காட்டும் முள் விறுவிறுவென்று சிவப்பை நோக்கிப் போனால், அப்போதுதான் மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட் முதல் சந்தேக நபர். வாட்டர் பம்ப் அடுத்தவர்.

இனி நேரடிச் சாட்சி. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓடவிடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது லேசாகத் தொட்டுப் பாருங்கள். முதல் சில நிமிடங்கள் அது வெதுவெதுப்பாகவே இருக்க வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் திடீரென்று கை வைக்க முடியாத சூடு பாய்ந்தால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது, நிரபராதி. முள் நடுவைத் தாண்டி ஏறிக்கொண்டே போக, ஹோஸ் மட்டும் ஆறியே இருந்தால் சிக்கியிருக்கிறது. எஞ்சினை உடனே நிறுத்துங்கள். சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அவற்றில் கீழ் ஹோஸைத்தான் பார்க்க வேண்டும். சேலை முந்தானை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. எஞ்சினை நிறுத்திய பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும், விரலை விடாதீர்கள்.

கேள்வி: கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றலாமா?
(வாடகை கார் ஓட்டுநர், ஓசூர்)

பதில்: விசில் அடங்காத குக்கரை உங்கள் வீட்டில் யாராவது திறப்பார்களா, அண்ணே? அதே கதைதான் இங்கும். அந்த மூடியின் அழுத்தத்தால் உள்ளே கூலன்ட் கிட்டத்தட்ட 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க முடியும். திறந்த கணத்தில் அழுத்தம் போய், மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். ஹோஸைக் கையால் அமுக்கினால் தளர்வாக அமுங்கும் அளவுக்கு எஞ்சின் ஆறட்டும். பிறகு கனமான துணி போட்டு மெல்லத் திருகுங்கள்.

கேள்வி: என் காரில் முள்ளே கிடையாது. ஒரு நீல விளக்கு மட்டும் எரியும். முன்பெல்லாம் சீக்கிரம் அணைந்துவிடும். இப்போது அலுவலகம் போய்ச் சேரும் வரை எரிகிறது. மைலேஜும் குறைந்துவிட்டது. சூடேறவில்லையே, நல்லதுதானே?
(மென்பொருள் பொறியாளர், கோவை)

பதில்: நல்லதல்ல. உங்கள் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்து, கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலைக் கெடுக்கும். சூடேறும் வண்டியாவது கத்திக் கூப்பிடும். இது ஓசைப்படாமல் எஞ்சின் ஆயுளைத் தின்னும், அதனால்தான் இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் பி0128 என்ற குறியீடு வரலாம். வராவிட்டாலும், போனோடு இணையும் சிறிய ஸ்கேனரில் கூலன்ட் சூட்டை நேரடியாகப் பாருங்கள். அவினாசி சாலையில் அரை மணி ஓட்டியும் 70 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட்தான், சென்சாரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தாண்டுகிறது என்றால் கோளாறு வேறெங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுச் சோதித்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் பாதிதான் திறந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
(பள்ளி ஆசிரியை, ஊட்டி)

பதில்: கடைக்காரரைத் திட்டிவிடாதீர்கள், அம்மா. உங்கள் ஊரின் உயரம்தான் காரணம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் அடுப்பை எவ்வளவு ஏற்றினாலும் சூடு ஏறாது. 88 என்று பொறித்த தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்க நூறை நெருங்க வேண்டும். பாதி திறந்ததே அது நலமாக இருப்பதற்கு அடையாளம். காருக்குள் அழுத்தம் இருப்பதால் அங்கே ஊட்டியிலும் தேவையான சூடு கிடைத்துவிடும்.

சோதிக்கும் முறை அழகானது, எல்லோரும் செய்யலாம். வால்வின் வாயில் ஒரு நூலைச் செருகி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். வெப்பமானி ஒன்றையும் வையுங்கள். திறக்கும் கணத்தில் நூலை விட்டுவிட்டு தெர்மோஸ்டாட் கீழே விழும். அப்போது வெப்பமானி காட்டும் எண்ணும் பொறித்த எண்ணும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். வண்டியில் ஓடிய பழையதைச் சோதித்தால், அந்தப் பாத்திரம் மறுபடி சமையலறைக்குள் வரக்கூடாது. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம். இனிப்பாகவும் இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். தரையில் சிந்தியதையும் உடனே கழுவிவிடுங்கள்.

கேள்வி: நானே மாற்றலாம் என்றிருக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், திருச்சி)

பதில்: கூலன்டை வடித்து, ஹோஸைக் கழற்றி, மூடியின் போல்ட்களை எடுப்பதெல்லாம் உங்களுக்குக் கைவந்த வேலை. கோளாறு வருவது மாட்டும்போதுதான். சுருள்வில்லும் மெழுகுக் குப்பியும் எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் சூடான தண்ணீர் குப்பியைச் சரியாக எட்டாது, வண்டி கொதிக்கும். விளிம்பில் குட்டி ஊசி ஆடும் துளை இருந்தால் அது மேலே வரட்டும், காற்று வெளியேறும் வழி அது. பழைய கேஸ்கட்டை ஒட்டு இல்லாமல் சுரண்டி எடுங்கள், ஆனால் அலுமினியத்தில் கீறல் விழக்கூடாது. புது கேஸ்கட்டோ ரப்பர் வளையமோ கட்டாயம். போல்ட்களை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு பக்கமே இறுக்கினால் மூடி விரிசல் விடும்.

கூலன்டை மெதுவாக ஊற்றுங்கள். போர்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதன் உப்பு ரேடியேட்டரில் படிந்துவிடும். கலந்தே வரும் கூலன்ட், அல்லது கலக்காத கூலன்டுடன் பாதிக்குப் பாதி டிஸ்டில்ட் வாட்டர். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் சுற்றி நிற்கும் வரை குமிழிகள் வெளியேறட்டும். ஆறியதும் அளவைப் பார்த்து நிரப்புங்கள்.

கேள்வி: புது தெர்மோஸ்டாட் போட்டு வால்பாறைக்குக் கிளம்பினேன். பாதி மலையில் மறுபடியும் முள் ஏறிவிட்டது!
(காய்கறி வியாபாரி, பொள்ளாச்சி)

பதில்: 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது எஞ்சினுக்குச் சுமையும் அதிகம், முன்னாலிருந்து வரும் காற்றும் குறைவு. முள் நகரத் தொடங்கியதுமே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவிடுங்கள். உங்களுக்கு வியர்த்துக் கொட்டும், எஞ்சினுக்கு மூச்சு வரும். அப்படியும் இறங்காவிட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். சிவப்பைத் தொட்ட பிறகு இன்னும் ஒரு வளைவுதானே என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

ஊர் திரும்பியதும் முதலில் கூலன்ட் ஓடும் வழியில் காற்று அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள், மாற்றிய புதிதில் அதுதான் வழக்கமான காரணம். காற்றை வெளியேற்றிய பிறகும் கூலன்ட் டேங்கில் ஓயாமல் குமிழி வந்தால், அல்லது ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் பிசுக்கு இருந்தால், ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது முடியும் வரை காய்கறி லோடு வேறு வண்டியில் போகட்டும்.