கடைசித் துண்டு இயல்: டோரண்ட் குறித்துத் திருப்பூர் வழி விளக்கம்

பதிவிறக்கம் 99.8 சதவீதம் வரை ஓடிவந்து அதற்குமேல் அசைய மறுக்கும் நிலை எந்த நூலிலும் முறையாக வகைப்படுத்தப்படாதது வியப்புக்குரியது. அதனினும் வியப்பு, அதற்கான விளக்கம் பின்னலாடை நகரான திருப்பூரில் காதர்பேட்டைக்கும் நெருப்பெரிச்சலுக்கும் இடையே அன்றாடம் டெம்போவில் ஏறி இறங்குவதை ஆய்வுலகம் கவனியாது விட்டமை.

சர்வர் என்னும் ஒரே பெரிய கணினியிடமிருந்து எல்லோரும் கோப்பைப் பெறுவது, நூல் முதல் பேக்கிங் வரை ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கும் மில்லின் முறை. அமெரிக்க நிரலாளர் பிராம் கோஹன் 2001இல் வெளியிட்ட பிட்டோரண்ட் என்னும் கோப்புப் பகிர்வு முறையோ, ஒவ்வொரு வேலையையும் வெவ்வேறு பட்டறையில் முடிக்கும் அப்பட்டமான ஜாப் ஒர்க். அதில் கோப்பு சம அளவுத் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ் எனப்படும் 160 பிட் சரிபார்ப்பு எண் டோரண்ட் கோப்பில் எழுதப்படுகிறது. துண்டைப் பெறும் கணினி அந்த எண்ணைத் தானே கணக்கிட்டுப் பார்த்து, ஒரு பிட் பிசகினாலும் துண்டைத் தள்ளிவிட்டு மறுபடி கேட்கிறது. இத்தனை கறாரான செக்கிங் டேபிள் திருப்பூரிலேயே அரிது. யாரிடம் எது இருக்கிறது என்று சொல்லும் 'டிராக்கர்', ஒரு மெஷின்கூட இல்லாமல் ஊரார் போன் நம்பரை மட்டும் வைத்துத் தொழில் செய்யும் புரோக்கரை ஒத்தது. சரக்கு அவர் கைக்கு வருவதே இல்லை.

கொடுப்பவருக்கே கொடுப்பது இம்முறையின் வணிக அறம். கோஹனின் வடிவமைப்பில் ஒரு கணினி வழக்கமாக நால்வருக்கே ஒரே சமயத்தில் துண்டுகளை அனுப்புகிறது. தனக்கு அதிகம் தருபவர் யார் என்று 10 நொடிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கிறது. 30 நொடிக்கு ஒருமுறை மட்டும், முன்பின் தெரியாத ஒருவருக்கும் வாய்ப்பளிக்கிறது. மாதக்கணக்கில் கடன் சொல்லிப் பழகிய ஊருக்கு இது சற்று நாகரிகக் குறைவாகத் தோன்றலாம்.

எல்லாம் பிரிந்து கிடந்தாலும், ஒரு கண்ணி மட்டும் ஓரிடத்தில் குவிந்திருந்தால் ஆபத்து. 1999இல் தோன்றிய நாப்ஸ்டர் என்னும் பாடல் பகிர்வுச் சேவையில் பாடல்கள் பயனர்களிடமே இருந்தன, எது யாரிடம் என்ற பட்டியலோ நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. பதிப்புரிமை வழக்கில் நீதிமன்றம் பிடித்த பிடியில் 2001 ஜூலையில் அது நின்றது. திருப்பூரும் இதைக் கண்டது: நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஊரின் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, நிட்டிங்கும் கட்டிங்கும் தையலும் தத்தம் இடத்தில் நலமாக இருந்தும் துணி சாயத்துக்காக வெளிமாநிலம் வரை பயணப்பட்டது. டோரண்டில் டிராக்கரே அப்படியொரு கண்ணி; பின்வந்த டோரண்டுகள் அந்தப் பட்டியலையும் பயனர்களிடையே பிரித்து வைத்துக்கொண்டன.

இனிக் கடைசித் துண்டு. யாரிடமும் எளிதில் கிடைக்காத துண்டை முதலில் வாங்கு என்பது கோஹனின் விதி. ஏனெனில் அதை வைத்திருக்கும் ஒரே ஆள் லேப்டாப்பை மூடிவிட்டால் கூட்டம் முழுவதும் 99.8இல் நிற்கும். ஏற்றுமதி ஆர்டரை முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசரின் மரபு இதற்கு நேர்மாறானது: துணி, நூல், பாலி பேக், அட்டைப்பெட்டி எல்லாம் வந்தபின், கன்டெய்னர் ஏற்றும் இரவில்தான் மெயின் லேபிளின் நினைவு வரும். இந்நிலைக்கும் பிட்டோரண்டில் வழியுண்டு. 'எண்ட்கேம்' எனப்படும் இறுதிக் கட்டத்தில் கணினி, எஞ்சிய துண்டுகளை எல்லோரிடமும் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டு, எவரிடமிருந்தாவது வந்ததும் மற்றவர்களுக்கு 'வேண்டாம்' என்று தகவல் அனுப்புகிறது. இரவு 11 மணிக்கு ஐந்து லேபிள்காரர்களுக்கு ஆர்டர் சொல்லி, முந்தியவரிடம் சரக்கெடுத்து, மற்ற நால்வருக்கும் கேன்சல் சொல்லும் மெர்ச்சண்டைசர் இதே நெறியையே பின்பற்றுகிறார். அந்த நால்வர் அப்போது கூறுபவை இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.