வானிலைக்கு உட்பட்டுத் தங்கள் உண்மையுள்ள

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
குன்றுச் சரிவு, பாண்டுப் மேற்கு, மும்பை.

பெறுநர்:
மேலாளர், பயணத்திட்ட மாற்றப் பிரிவு,
உல்லாசக் கப்பல் நிறுவனம் (பெயர், தவிர்க்க முடியாத வானிலைக் காரணங்களால் நீக்கப்பட்டுள்ளது).

நாள்: 2025 ஜூன் 11

பொருள்: வந்து சேராத நான்காவது தவணை.

ஐயா,

இன்று ஜூன் 11. அட்டவணைப்படி மும்பையில் தென்மேற்குப் பருவமழை தொடங்க வேண்டிய நாள். இந்த ஆண்டு அது மே 26ஆம் தேதியே வந்து வேலையை ஆரம்பித்துவிட்டது. 16 நாள் முன்னதாக. 75 ஆண்டுக் கணக்கில் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை என்கிறார்கள். வொர்லியில் திறந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலத்தடி மெட்ரோ நிலையத்துக்குள் டிக்கெட் எடுக்காமல் இறங்கிப் பார்த்துவிட்டும் போயிருக்கிறது.

ஜனவரியில் எங்களுக்குச் சீட்டு விற்ற உங்கள் இளைஞர், "மே கடைசி என்றால் வெயில் கொளுத்தும் அங்கிள், சன்ஸ்கிரீன் மறந்துவிடாதீர்கள்" என்று சொன்னதை நான் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2023இல் இந்த மழை ஜூன் 25 அன்று மும்பைக்கும் டெல்லிக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் அப்படி நடந்தது 1961இல். எந்த ஊருக்கு எப்போது போவது என்பதில் இப்படிப்பட்ட சுதந்திரம் உள்ள ஒன்று, உங்கள் வழவழப்பான கையேட்டைப் படித்துவிட்டா கிளம்பும்?

தவணை ஏன் வரவில்லை என்று நேற்றுவரை ஏழு முறை கேட்டுவிட்டீர்கள். அதற்கு விளக்கம் தரவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். கோவா போக வேண்டிய கப்பலை நீங்கள் நாள்கணக்கில் நங்கூரத்தில் நிறுத்தி வைத்தபோது நாங்கள் பொறுத்துக்கொண்டதை நினைவில் வைத்துப் படிக்கவும்.

சீட்டு எடுத்தது மகன். தவணை கட்டுவது நான். என் ஓய்வுக்கு அவன் தந்த பரிசு. எனக்கும் வீட்டுக்காரிக்கும் சேர்த்து 84,000 ரூபாய், ஆறு தவணை. மும்பை, கோவா, மும்பை. மூன்று இரவு. மே 23, வெள்ளிக்கிழமை மாலை பல்லார்ட் பியரில் ஏறினோம். என் வீட்டுக்காரி திருநெல்வேலிக்காரி. பாண்டுப்பில் 34 மழைக்காலம் பார்த்தவள். அவள் பெட்டியில் என்னென்ன இருந்தன என்று உங்கள் பாதுகாப்பு ஊழியர்கள் விசாரித்ததால் இங்கேயும் பதிவு செய்கிறேன்: குடை மூன்று, பால் கவர்களைக் கழுவிக் காயவைத்து அடுக்கிய கட்டு ஒன்று, பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், ஒரு பட்டை அவோமின் மாத்திரை, நைலான் கயிறு, எட்டுக்குப் பத்து நீலத் தார்ப்பாய். "கப்பலுக்குத் தார்ப்பாய் எதுக்குடி?" என்று நானும் கேட்டேன். "கூரைன்னு ஒண்ணு இருந்தா ஒழுகத்தான் செய்யும்" என்றாள்.

அன்று காலை சந்தையில் எங்கள் மீன்காரம்மாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன், கடலுக்குப் போகிறோம் என்று. கோளி குலத்துப் பெண். தலைமுறை தலைமுறையாகக் கடலில் கணக்கு வைத்திருக்கும் குடும்பம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடை. படகுகளைக் கரையேற்றித் தென்னங்கீற்றும் பிளாஸ்டிக் தாளும் போர்த்திவிடுவார்கள். ஆவணிக்கு முன்பின்னாக வரும் நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் விட்டு, அது சாந்தமானதும்தான் இறங்குவார்கள். மீன்காரம்மா கத்தியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இந்த நேரத்திலா? நாங்கள் தேங்காய் விட்டுவிட்டுப் போவோம் அண்ணா. நீங்கள் என்ன விட்டீர்கள்?"

84,000 ரூபாய் விட்டோம் என்று சொல்ல வாய் வரவில்லை. அரைக் கிலோ மாந்தல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மே 24. அரபிக்கடலில் இருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ரத்னகிரிக்கும் தாபோலிக்கும் நடுவே கரையைக் கடந்தது. ரத்னகிரி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். மும்பைக்கும் கோவாவுக்கும் ஏறக்குறைய நடுவில், பாதையை மறித்துக்கொண்டு. ஆகவே உங்கள் கப்பல் துறைமுகத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நங்கூரம் போட்டது. அங்கேயே நின்றது. இரவு பால்கனியிலிருந்து பார்த்தால் பிராங்ஸ் கலங்கரை விளக்கம் கண்ணடித்துக்கொண்டிருந்தது. அது 1875இலிருந்து கண்ணடிக்கிறது. எங்களைப்போல் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கும். மழை விட்டபோதெல்லாம் கொலாபா விளக்குகள் தெரிந்தன. பாண்டுப்பிலிருந்து அதே கொலாபாவுக்கு லோக்கல் ரயிலில் சி.எஸ்.எம்.டி. நிலையம் போய், அங்கிருந்து பஸ் பிடித்தால் ஆளுக்கு முப்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கப்பலை நிறுத்தியதற்காக நான் மாலுமியைக் குறை சொல்லவில்லை. 1947 ஜூலை 17 அன்று பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து ரேவஸுக்குக் கிளம்பிய ராம்தாஸ் என்ற நீராவிக் கப்பல், ஆடி அமாவாசைக்கு ஊருக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய்ப் புயல்மழையில் கவிழ்ந்தது. அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே கிர்காவிலும் அலிபாக்கிலும் கிழவிகள் பேரன்களைத் தண்ணீரிலிருந்து இழுத்து வைத்திருக்கிறார்கள். கடல் வேண்டாமென்றால் வேண்டாம். நின்றது சரி. பூசல் கப்பலோடு இல்லை, உங்கள் காகிதத்தோடு.

அதற்கு முன் கப்பலில் மழையை நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

மேல்தளத்து நீச்சல்குளத்தின்மேல் வலையை இழுத்துக் கட்டினீர்கள். மழையில் நனையாமல் இருக்கவா, குளம் தப்பித்து ஓடாமல் இருக்கவா என்று தெரியவில்லை. படிக்கட்டுக் கைப்பிடிகளில் வாந்திப் பைகளைக் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைபோல வரிசையாகச் செருகினீர்கள். எங்கள் தளத்து நடைபாதையில் கூரை சொட்டியது. அதற்குக் கீழே, ஷாம்பெயின் புட்டி வைக்கும் பளபளப்பான ஐஸ் வாளி ஒன்றை ஓர் ஊழியர் கொண்டுவந்து பணிவாக வைத்தார். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் நீலப் பிளாஸ்டிக் வாளி. சத்தம் மட்டும் ஒன்றேதான்: முதலில் டக், டக், பாதி நிறைந்ததும் ப்ளுக். நடு இரவில் ப்ளுக் கேட்டதும் என் வீட்டுக்காரி தூக்கத்திலேயே எழுந்து போய் வாளியை மாற்றிவிட்டு வந்தாள். காலையில் அந்த ஊழியர் யார் மாற்றியது என்று தேடிக்கொண்டிருந்தார்.

கேளிக்கைப் பிரிவு "மழைக்கால மகிழ்ச்சி" என்று நோட்டீஸ் போட்டது. அதில் ஒன்று, துண்டை யானையாக மடிக்கும் பயிற்சி. ஐயா, ஜூலையில் பாண்டுப்பில் ஒரு துண்டு காய மூன்று நாள். விசிறிக்குக் கீழே ஒரு நாள், கேஸ் அடுப்புப் பக்கத்தில் ஒரு நாள், இஸ்திரிப் பெட்டியால் மிரட்டுவதில் ஒரு நாள். அப்போதும் ஒரு வாடை இருக்கும். இப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவளிடம் காய்ந்த துண்டைக் கொடுத்துத் தும்பிக்கை செய் என்றால்? செய்தாள். அழகான யானை. பயிற்சியாளர் கைதட்டினார். அறைக்கு வந்ததும் யானையைப் பிரித்து, நனைந்திருந்த பால்கனி நாற்காலியைத் துடைத்தாள். பிறகு தார்ப்பாயை எடுத்துக் கயிற்றால் பால்கனிக் கம்பியில் கட்டி, அதற்குக் கீழே உட்கார்ந்து பருப்புச் சோறு சாப்பிட்டோம். பக்கத்து பால்கனியில் இருந்த புனேக்காரத் தம்பதி நாற்காலியோடு எங்கள் பக்கம் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தப் பயணத்திலேயே நல்ல பொழுது அதுதான், கையேட்டில் இல்லாதது.

எந்த நேரமும் அடைபடாத இடம் ஒன்று கப்பலில் இருந்தது. சூதாட்டக் கூடம். மழையிலும் அது திறந்தே இருந்ததை வைத்து, உங்களிடம் உறுதியான முன்னறிவிப்பு இருக்கவே இருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

இனி காகிதம். மே 25 இரவு கதவுக்கு அடியில் ஒரு கடிதம் தள்ளினீர்கள். கோவா ரத்து. "வானிலைக்கு உட்பட்டு" பயணத்திட்டத்தை மாற்றவும் சுருக்கவும் நீக்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு, அதற்காகப் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது, விதி 14. இது உங்கள் கண்டுபிடிப்பு இல்லை என்பது தெரியும். உலகம் முழுக்கக் கப்பல் சீட்டுகளில் இதே சங்கதிதான். கரீபியன் பக்கம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். அந்த மாதங்களில் சீட்டு மலிவாகும், துறைமுகம் மாறும், பயணி பஹாமாஸுக்குப் பணம் கட்டி மெக்சிகோவில் இறங்குவான். ஆனால் அங்கே பயணிக்கு மெக்சிகோவாவது கிடைக்கும்.

போகாத கோவாத் துறைமுகத்துக்கான கட்டணத்தையாவது கொடுங்கள் என்று கேட்டேன். அதற்குப் பதிலாகப் பரிவோடு ஒரு சலுகைச் சீட்டு அனுப்பினீர்கள்: 2,700 ரூபாய், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம், செப்டம்பர் 30 வரை செல்லும். மழைக்காலத்தில் மும்பையிலிருந்து உங்கள் கப்பல் கிளம்பாது என்று அதே கடிதத்தின் கீழே சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. 38 ஆண்டு கணக்கு எழுதியவன் ஐயா நான். கணக்கும் கவிதையும் இவ்வளவு நெருங்கி வந்து பார்த்ததில்லை.

கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றையே வேலை வாங்கிக் கப்பல் ஓட்டினான் என்று வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்த வம்சத்தில் யாராவது மிச்சமிருந்தால் வேலைக்கு எடுங்கள். இப்போதைக்குக் காற்றுதான் உங்களை வேலை வாங்குகிறது, சம்பளம் எங்கள் கையிலிருந்து.

நிச்சயமின்மை எங்களுக்குப் புதிதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில், அதே மாநகரத்தில், கொலாபாவில் 73. கோட்டைப் பகுதி அலுவலகத்தில் இருந்த நாங்கள் "ஏதோ தூறுகிறது" என்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். அன்று தாதரிலிருந்து தண்டவாளம் வழியாக, இடுப்பளவுத் தண்ணீரில் முன்னால் போனவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்து, விடியற்காலை வீடு வந்தேன். 2021 ஜூலை 18 அன்று எங்கள் பாண்டுப் நீர்ச் சுத்திகரிப்பு வளாகத்துக்குள்ளேயே மழைத்தண்ணீர் புகுந்து இயந்திரங்கள் நின்றன. மழை கொட்டக் கொட்ட மும்பையின் பெரும்பகுதிக்குக் குடிதண்ணீர் வரவில்லை. முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு? எனவே நனைந்ததற்கு நஷ்டஈடு கேட்கவில்லை. இந்தக் குன்றில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் வாளிக் கணக்குத்தான் கேட்க வேண்டும்.

என் கோரிக்கை வேறு. மழை யாருக்கும் பொதுவென்றால் விதி 14உம் பொதுவாக இருக்கட்டும். உங்கள் கப்பல் வானிலைக்கு உட்பட்டது. என் வங்கிக் கணக்கு மட்டும் எப்படி உட்படாமல் இருக்கும்? அதுவும் இதே ஊரில்தான், இதே குன்றில்தான் இருக்கிறது. கூரைக்குத் தார் பூச வேண்டும், பேத்திக்குப் பள்ளிக்கூட ரெயின்கோட் வாங்க வேண்டும், டாக்டர் வீட்டுக்காரிக்கு மூட்டு எக்ஸ்ரே எழுதியிருக்கிறார்; அழுத்தம் உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஆகவே இன்று முதல் மீதமுள்ள மூன்று தவணைகளுக்கும் கீழ்க்கண்ட அறிக்கையை வெளியிடுகிறேன்.

"ஓய்வூதியப் பகுதியில் நிலவும் காற்றழுத்தத் தாழ்வு காரணமாக, அடுத்த 48 மணி நேரத்தில் பணம் செலுத்துவதற்கான வாய்ப்பு குறைவு. ஜூன் மூன்றாம் வாரத்தில் வானம் மேகமூட்டத்துடன் காணப்படும்; ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான தொகை பெய்யக்கூடும். ஜூலையில் இடிமின்னலுடன் கூடிய செலவுகள் இருப்பதால் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. ஐந்தாம் தவணை திசை மாறி வேறு கடைக்குச் செல்லவும் கூடும். அதற்குக் கணக்குதாரர் பொறுப்பல்ல. செலுத்தப்படாத தொகைக்கு ஈடாக 2,700 ரூபாய் மதிப்புள்ள சலுகைச் சீட்டு இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. நிறுவனம் அதைச் செப்டம்பர் 30 வரை எங்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம். லால் பகதூர் சாஸ்திரி சாலையில் தண்ணீர் தேங்கும் என எதிர்பார்க்கப்படுவதால், வசூல் பிரிவினர் மறு அறிவிப்பு வரும்வரை பாண்டுப் பகுதிக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறார்கள்."

இப்படிக்கு,
வானிலைக்கு உட்பட்டு,
தங்கள் உண்மையுள்ள
8117ஆம் அறைக்காரன்

பின்குறிப்பு: மே 26 காலை கொட்டுகிற மழையில் அவசரமாக இறங்கியபோது, எட்டுக்குப் பத்து நீலத் தார்ப்பாயை அறையின் பால்கனியிலேயே விட்டுவிட்டோம். ஒரு மூலையில் சைக்கிள் டியூப் ஒட்டுப் போட்டிருக்கும். தவணையைப் பற்றி எப்போது வேண்டுமானாலும் பேசலாம். அதை மட்டும் உடனே அனுப்பிவையுங்கள்; இங்கே சமையலறைக்கு மேலே வாளி மாற்றி மாளவில்லை.