நாளை முதல் ஜப்பானியம்

ஈப்போவில் புந்தோங் பக்கம் கச்சாங் பூத்தே வாங்கப் போனால் நம்மவரைப் பார்க்கலாம். தாத்தா தோட்டத்தில் பால்வெட்டு, அப்பா லாரி ஓட்டம், இவர் ஜப்பானிய மொழி. வாத்தியார் கிடையாது, சொந்த முயற்சி. அது எந்தத் தேதியில் தொடங்கும் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

ஆங்கி என்றொரு செயலி. சொல் மறக்கப்போகும் நேரம் பார்த்து அதை மறுபடி கண்முன் நீட்டும். நாளுக்குப் பத்துச் சொல் போதும். நம்மவர் முதல் நாளே இருநூறைப் போட்டார். மறுவாரம் பார்த்தால் பாக்கி, வட்டிக்காரன் கணக்காக ஏறிக் கிடந்தது. "இந்த முறை சரிப்படலண்ணே" என்று செயலியையே அழித்துவிட்டார்.

ஜப்பானிய எழுத்துமுறையான ஹிராகானாவில் அடிப்படை எழுத்து 46தான். அதற்கு ஐந்து நிறத்தில் கால அட்டவணை போட்டார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. களைப்பில் அன்று படிக்கவில்லை. அன்றாட வழக்குக்கென ஜப்பான் அரசு வகுத்த காஞ்சி எழுத்துகள் 2136 என்பது மனப்பாடம்; எழுத்துகள்தான் பாக்கி. ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5தான் ஆகக் கீழ்ப்படி. அது சின்னப் பிள்ளைகளுக்காம், இவர் நேராக என்2. பணம் இன்னும் கட்டவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் வேலைக்குப் போகும் பேருந்தில் தினமும் கொஞ்ச நேரம், தப்போ சரியோ, வாய்விட்டுப் படிக்கிறாள். என்5 தேறியும் விட்டாள். எந்த முறை என்று விசாரித்தார். "படிக்கிறதுதாண்ணே" என்றாள். அவருக்குத் திருப்தியில்லை.

ஜப்பானியத்திலும் நம்மைப் போலவே வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். இது நமக்கு உண்மையிலேயே பெரிய சலுகை. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் ஒரு படி மேலே போய், இரு மொழிக்கும் உறவே உண்டு என்றார். மொழியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. நம்மவர் ஓனோ கட்சி. "ரத்தத்துலயே இருக்குண்ணே, அப்புறம் எதுக்குப் படிச்சிக்கிட்டு?"

சுங்கை சிப்புட் தோட்டத்தில் வளர்ந்த நம்மவரின் பாட்டிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. ஜப்பான்காரன் காலத்தில் பள்ளிக்கூடத்தில் கற்றதை, "இச்சி, நி, சான், ஷி" என்று பத்துவரை இன்றும் தடுமாறாமல் சொல்கிறார்.

"எப்படிப் பாட்டி மறக்காம இருக்கு?"

"தெனம் கேப்பான்டா. சொல்லலேன்னா கன்னத்துல ஒண்ணு விடுவான்."

நம்மவருக்கு முறை ரொம்பப் பிடித்துவிட்டது. அறைவதற்கு நல்ல ஆளாக இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்.